கை வச்சா நிக்கணும்

கோயில்ல கூட நான் இவ்வளவு நேரம் முட்டி போட்டதில்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம், தின்ன கறிச்சோறு இன்னும் எறங்கல, உப்பளத்து ரோட்டோரம் கண்ணாடியெல்லாம் ஏத்தின காருக்குள்ள, பின் சீட்டுல முட்டி போட்டு, டிக்கிப் பக்கம் மூஞ்சியத் திருப்பி, புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, ஒவ்வொரு பிளாஸ்டிக்கா உள்ளங்கையை வச்சு வச்சு எடுத்துக்கிட்டு இருக்கேன். யாராவது பாத்தா பெனிட்டாவுக்கு என்னமோ ஆயிட்டுன்னுதான் சொல்லுவாங்க. "வைட்டி", "எடு", "இப்ப கேக்குதா?", "இப்ப?", வந்ததுலேருந்து இதுதான் பேச்சு. இவங்க முன்னால டிரைவர் சீட்டுல போனைத் தொடையில வச்சுக்கிட்டு ஒரே ஒரு சத்தத்தைக் கொஞ்சங்கொஞ்சமா மேல ஏத்துதாங்க, பாட்டும் இல்ல கூத்தும் இல்ல, வெறும் ம்ம்ம்னு ஒரு முனகல், அது டிக்கியில பெட்டிக்குள்ள இருக்க ரெண்டு பெரிய சப்-ஊஃபர் ஸ்பீக்கர்லேருந்து கெளம்பி, சீட்டு வழியா முட்டியில ஏறி, வயித்துக் கறியை ஒரு கிண்டு கிண்டிட்டு, கடைவாய்ப் பல்லு வரைக்கும் வருது. அந்த முனகல் ஒரு அளவுக்கு வந்ததும் வண்டியில எங்கேயோ ஒண்ணு கிர்ர்ர்னு அழ ஆரம்பிக்குது பாருங்க, அந்த அழுகையைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பாடு. வழி லேசுதானாம். அழும்போது ஒவ்வொரு எடமா அமுக்கிட்டே வரணும், எங்க கை வச்சா நிக்குதோ அதுதான் கள்ளன், அதைக் கழட்டி அடியில ஃபோம் டேப்பை ஒட்டினா ஆச்சு. கை வச்சா நிக்கணும், அவ்வளவுதான்னு இவங்க சொல்லும்போது எவ்வளவு சுலபமா இருக்கு.

நம்பர் பிளேட்டைப் பாத்தாச்சு, அதுக்குப் பின்னாலயும் டேப் ஒட்டியாச்சு. சீட் பெல்ட்டு கொக்கியைத் துணியில சுத்தியாச்சு. கண்ணாடியில தொங்கின ஜெபமாலையைக் கழட்டி என் பைக்குள்ள போட்டாச்சு, அது ஒரு பாவமும் அறியாது. கதவுக்குள்ள, டிக்கிக்குள்ள எல்லாம் தகரம் அதிராம இருக்க, தார் வாசனை அடிக்குற கறுப்பு ஷீட்டைப் போன வாரமே ஒட்டினாங்க, ஒட்டினதை அழுத்தி உருட்டணுமாம், அதுக்குன்னு உருளை கடையில விக்கானாம், அதை வாங்காம என் சப்பாத்திக் கட்டையை எடுத்துட்டுப் போய் உருட்டியிருக்காங்க, நான் சப்பாத்தி போடப் போனா கட்டை பூரா தாரு. "இன்ஜின் ரூம்ல வேலை பாக்குத மனுஷனுக்கு ஒரு உருளை வாங்க வக்கில்லையா?"ன்னு கத்தினேன். சிரிச்சாங்க. கப்பல்ல மோட்டர்மேன், இருபது வருஷமா எண்ணெயும் சூடும், லீவுல வந்தா மனுஷன் காலை நீட்டிப் படுக்கணுமா இல்லையா, இந்தத் தடவை வந்ததும் வராததுமா பழைய கார் ஒண்ணை வாங்கி, காருக்கு ஆன செலவுல பாதியை இந்தப் பெட்டிக்குப் போட்டு, நாப்பத்தஞ்சு வயசுல காலேஜ் பையன் மாதிரி தெருவுல டம்டம்னு வர்றாங்க. எதிர்வீட்டு ஞானம் அக்கா வாசல்ல நின்னு, "ஏ பெனிட்டா, உங்க வீட்டுக்காரர் வந்தா என் அலமாரியில தட்டெல்லாம் ஆடுது, ஆள் வந்துட்டாருன்னு போன் போட்டா சொல்லணும், தட்டே சொல்லிருதே"ங்காங்க. மானம் போகுது. அதான் தெருவுல வேண்டாம்னு இங்க, உப்பைத் தவிர கேக்க ஆளில்லாத எடத்துக்கு வந்திருக்கோம். வெளிய வெள்ளை வெள்ளையா உப்பைக் குமிச்சுப் போட்டிருக்கு, வெயில்ல கண்ணு கூசுது. இவ்வளவு நாளா இவங்களுக்கு இந்த அழுகை ஒரு தொந்தரவாவே இல்ல, அதுதான் எனக்கு ஆச்சரியம். எனக்கு முதல் நாளே காது கூசிச்சு, சொன்னா சண்டை வரும்னு விட்டுட்டேன். போன வாரம் இவங்க சேக்காளி டெரன்ஸ் ஏறி உக்காந்து, "மாப்ள, பாட்டு நல்லாத்தாம்ல இருக்கு, கூடவே தகரம் ஒண்ணு அழுதே, கேக்கலையா?"ன்னு கேட்டிருக்கான், அன்னைக்கு வீட்டுக்கு வந்த மூஞ்சியில ஈயாடல. "கேக்காம என்ன, சரி பண்ணணும்"னு என்கிட்டயும் சொன்னாங்க.

"கொஞ்சம் கூட்டுதேன், எடது பக்கம் வை." வைக்கேன். நிக்கல. வலது பக்கம் வைக்கேன். நிக்கல. புதன்கிழமை மெட்ராஸ்ல, கப்பலேறுததுக்கு முன்னால பண்ணுத மெடிக்கல் டெஸ்ட்டு. அது முடிஞ்சா டிக்கெட் வரும், டிக்கெட் வந்தா பெட்டி எறங்கும், பரண்லேருந்து அந்த நீலப் பெட்டி எறங்குததைப் பாக்கக் கூடாதுன்னே நான் கொல்லைப்பக்கம் போயிருவேன். போனா ஒன்பது மாசம். போனமுறை பத்தரை மாசம், ஆள் மாத்த ஆள் வரலன்னு நிறுத்தி வச்சுட்டாங்க. கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம், கூட இருந்த நாளையெல்லாம் ஒட்டுப் போட்டா எங்க மக ஷெரின் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படிச்ச வருஷம் கூடத் தேறாது. இவங்க சட்டையைத் துவைக்காம ஒண்ணை வச்சிருப்பேன், சிரிக்காதீங்க, எங்க தெருவுல முக்கால்வாசிப் பொம்பளைங்க பீரோவுல அப்படி ஒரு சட்டை இருக்கும். மழை பெய்ஞ்சா பக்கத்துல படுக்க ஆள் வேணும், ஓடு ஒழுகினா ஏச ஆள் வேணும், மீன் நல்லா அமைஞ்சா தலையைப் பிச்சுக் குடுக்க ஆள் வேணும், இதுக்குத்தான் ஏங்குதேன், பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா வாயைத் திறந்து "போகாதீங்க"ன்னு ஒரு தடவை சொன்னதில்ல. எங்க வீட்டுல அது கூடாது. கப்பலேறுத ஆம்பளகிட்ட அந்த வார்த்தையைச் சொன்னா போற எடத்துல கால் தடுக்கும்னு, கல்யாணமான மறுவாரமே மாமியார் அடுப்பாங்கரையில வச்சுச் சொல்லிட்டாங்க. "போயிட்டு வாங்க"தான் சொல்லணும், வாசலைத் தாண்டி வழியனுப்பக் கூடாது, கண்ணு கலங்கினா வெங்காயத்தை எடுத்து அரியணும். எத்தனை கிலோ வெங்காயம் அரிஞ்சிருப்பேன்னு அந்த மாதாவுக்குத்தான் தெரியும். இந்தத் தடவை மாதாகிட்ட நேராவே கேட்டுட்டேன். எப்படியாவது இவங்களை இங்கனயே நிறுத்திக் குடு தாயே, எப்படின்னு நான் கேக்க மாட்டேன்னு சொன்னேன்.

ஒழுங்காப் பாடி வேண்டிக்கிடவாவது தெரிஞ்சிருக்கணும் எனக்கு, அதுவும் கெடையாது. கோயில் பாடகர் குழுவுல சிஸ்டர் என்னைக் கடைசி வரிசையில நிறுத்தி, "நீ சும்மா வாயை மட்டும் அசை"ன்னு சொன்னாங்க, என் குரல் அப்படி, கட்டைக்குரல், போனை எடுத்தா அங்கிட்டு இருக்கவன் "சார்"ம்பான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் காபியை வச்சுட்டு "எடுத்துக்கோங்க"ன்னதும் வந்த பொம்பளைங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. இவங்க மட்டும் டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, இன்னொரு தடவை ஏதாவது பேசமாட்டாளான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. பெறகு கேட்டதுக்கு, "நல்லா ஓடுத இன்ஜின் மாதிரி இருந்துச்சுட்டி"ன்னாங்க. இதெல்லாம் ஒரு புகழ்ச்சியான்னு அடிச்சேன். ஷெரினுக்கு என் குரல் இல்ல, அவளுக்குக் கீச்சுக்குரல், குருவி மாதிரி மெல்லிசா பேசுவா. இப்போ பேசுதது இல்ல, அப்பா முன்னால பேசுதது இல்ல. "அவருக்கு நான் ஒரு ஆளே இல்லம்மா, மூணு தடவை கூப்பிடுதேன், திரும்பிப் பாக்க மாட்டேங்காரு, பெறகு எதுக்குக் கூப்பிடணும்?"னு நேத்து அழுதா. இவங்க என்னன்னா, "புள்ள என்கிட்ட முகங்குடுத்துப் பேச மாட்டேங்கா பெனி, நான் வீட்டுல இல்லாத கோவம்"னு சொல்லுதாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நான் ரெண்டு பக்கமும் தூது போறேன். முந்தாநாள் ராச்சாப்பாட்டுல மட்டும் மூணு பேரும் ஒண்ணாச் சிரிச்சோம், கப்பல்ல கூட வேலை பாத்த ஒருத்தன் கதையை இவங்க சொன்னாங்க. மெடிக்கல்ல காதைச் சோதிக்கக் கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு ஹெட்போனை மாட்டி விடுவாங்களாம், சத்தம் கேட்டா கையில இருக்க பட்டனை அமுக்கணுமாம், அவனுக்கு ஒரு எழவும் கேக்கலையாம், ஆனா கண்ணாடிக்கு அங்கிட்டு இருந்த பொண்ணு ஒவ்வொரு தடவை சத்தத்தைத் தட்டிவிடும்போதும் அவ தோள் லேசா ஏறுமாம், தோள் ஏறினா அமுக்கு, எறங்கினா சும்மா இருன்னு பாத்துப் பாத்தே அமுக்கி பாஸாயி வந்துட்டானாம். ஷெரின் கூடத் தோளை ஏத்தி ஏத்திக் காட்டிச் சிரிச்சா. இவங்களும் அவளைப் பாத்துச் சிரிச்சாங்க.

வேர்வை கண்ணுல வடியுது. துடைக்கணும். வலது கையை அப்படியே சைடு பிளாஸ்டிக்ல ஊனிக்கிட்டு எடது கையால முந்தானையை எடுக்கேன், அழுகை பாட்டுக்கு கிர்ர்ர்னு அழுதுக்கிட்டு இருக்கு. "ஆங்! நின்னுட்டு! அங்கனதான், அங்கனதான்! கையை எடுக்காத!"ன்னு இவங்க கத்துதாங்க. எங்க நின்னுச்சு? கிர்ர்ர்ங்குதே. கேலி பண்ணுதாங்களா? திரும்பல நான், கையை மட்டும் எடுத்தேன். "பாத்தியா, எடுத்ததும் வந்துட்டு." மறுபடியும் அதே எடத்துல வச்சேன். அழுகை கொஞ்சம் கூடக் குறையல. "நின்னுட்டு பாரு." பின்கண்ணாடியில நெழல் மாதிரித் தெரியுது, இவங்க போனைப் பாக்கல, மேல ஏறெடுத்து டிரைவர் கண்ணாடியில என் வலது கையைப் பாக்குதாங்க. பரீட்சை எழுதுத புள்ள பக்கத்துப் பேப்பரைப் பாக்குத மாதிரி கண்ணு அதுலயே இருக்கு. கை ஒரே எடத்துல நின்னதைப் பாத்துத்தான் நின்னுட்டுன்னாங்களா? வேண்டாம், இப்படியெல்லாம் நெனைக்காத பெனிட்டா, சத்தம் முன்னால ஒரு மாதிரி பின்னால ஒரு மாதிரி கேக்கும், அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் எடது கையை, என் தலை மறைக்கிற பக்கமா, கண்ணாடியில தெரியாம, மேல கொண்டு போனேன், பின்கண்ணாடி மேல பிரேக் லைட்டுக்கு ஒரு மூடி இருக்கு, அதைத் தொட்டேன். அமுக்கினேன். நின்னுட்டு. சுத்தமா நின்னுட்டு, வெறும் ம்ம்ம் மட்டும். கள்ளன் அகப்பட்டுட்டான், அந்தச் சந்தோசம் ஒரு நொடி கூட இல்ல. எடது கையை எடுக்காம, இவங்க கண்ணாடியில பாக்குத மாதிரி வலது கையை மட்டும் சைடு பிளாஸ்டிக்லேருந்து தூக்கினேன். வண்டிக்குள்ள ஒரு அழுகை இல்ல. "இந்தா, இப்ப வருது பாரு"ன்னாங்க.

அப்ப அந்தக் கண்ணாடி ரூமுல உக்காந்தவன் யாரு. தோளைப் பாத்து அமுக்கினவன் யாரு. அம்மா தாயே. குக்கர் விசில் அடிச்சு அடிச்சுப் பருப்பு கருகி, இவங்க அடுப்பாங்கரை வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாங்களே, நான் வந்து என்னவெல்லாம் ஏசினேன். போன்ல எப்பவும் கத்திக் கத்திப் பேசுவாங்களே, நான் நடுக்கடல்லேருந்து பேசுதவங்க அப்படித்தான் பேசுவாங்கன்னு நெனைச்சேனே. டிவியில எழுத்து ஓடணும்பாங்க, ராத்திரி கொசு கடிச்சுத் தடிச்சிருக்கும், "கொசுவே இல்லட்டி"ம்பாங்க. ஷெரின். ஷெரின் மூணு தடவை கூப்பிட்டாளாமே. குருவிக்குரல்ல, பின்னாலேருந்து. அவ கோவத்துல பேசலன்னு இவங்க நெனைக்காங்க, இவங்க திமிர்ல திரும்பலன்னு அவ நெனைக்கா, நான் நடுவுல தூது போறேன், செவிட்டு முண்டம் நான்தான். இந்தப் பெட்டி, இந்த டம்டம், தெருவே சிரிச்சுதே, இது வயசு திரும்புத கூத்து இல்ல, பாட்டுல இவங்களுக்கு மிச்சம் இருக்கது இது ஒண்ணுதான், உடம்பு வழியா வர்றது. இருபது வருஷம் அந்த இன்ஜின் பக்கத்துல நின்ன காது, விசில், கொசு, குருவின்னு மெல்லிசெல்லாம் போயி கட்டைச் சத்தம் மட்டும் மிஞ்சின காது. இப்ப நான் வாயைத் தெறந்து சொன்னா போதும். டெரன்ஸ்கிட்ட ஒரு வார்த்தை போட்டாலும் கப்பல்காரங்க வரைக்கும் போயிரும். புதன்கிழமை பாஸாக மாட்டாங்க, பெட்டி எறங்காது, சட்டையை ஒளிச்சு வைக்க வேண்டாம், மழைக்குப் பக்கத்துல ஆள் இருக்கும். கேட்டது கெடைச்சுட்டு. எப்படின்னு கேக்க மாட்டேன்னு நான்தான் சொன்னேன், ஆனா இப்படியா தாயே குடுப்ப? சொல்லாம விட்டா? தோளைப் பாத்து இந்தத் தடவையும் அமுக்கிட்டுப் போயிருவாங்க. போய், அங்க கீழ, அவ்வளவு பெரிய மெஷினுக்கு நடுவுல, யாராவது பின்னாலேருந்து "ஓடு"ன்னு கத்தினா? யார் தோளைப் பாப்பாங்க? மூடியிலேருந்து கையை எடுத்தேன், கிர்ர்ர் திரும்பவும் வந்துட்டு.

"என்னட்டி, எடம் கெடைச்சுட்டுல்ல, டேப்பை எடு"ங்காங்க. நான் திரும்பித் தோளைத் தட்டி, பின்னால வாங்கன்னு சைகை காட்டினேன். "சத்தத்தை நிறுத்தவா?" வேண்டாம்னு தலையாட்டினேன். முன் சீட்டு ரெண்டுக்கும் நடுவுல காலை மடக்கி, எம்மாடி எப்பான்னு முனகிக்கிட்டே வந்து, என் பக்கத்துல முட்டி போட்டாங்க, பீடத்துக்கு முன்னால கல்யாணத்தன்னைக்கு இப்படித்தான் இடிச்சுக்கிட்டு முட்டி போட்டோம், அன்னைக்கும் வேர்வை. கையைப் புடிச்சேன். காய்ப்புக் காய்ச்ச கை, மெஷின் மேல கையை வச்சே அதுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிருவேன்னு பெருமையடிக்குத கை. அதைக் கொண்டு போய் முதல்ல சைடு பிளாஸ்டிக்ல வச்சேன். அங்க ஒண்ணும் இல்ல. பெறகு பிரேக் லைட்டு மூடியில, அமுக்காம, மெல்ல வச்சேன். காய்ச்சல் கண்டவன் மாதிரி நடுங்குது அது. இவங்க மூஞ்சி மாறுததை நான் பாக்கேன், மெஷினைத் தொட்டவங்களுக்குத் தெரியாம இருக்குமா. கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்ல. "அப்ப அங்கன நிக்கலையா?"ன்னாங்க. "நிக்கல." "அப்ப நீ கையை வச்சு வச்சு எடுத்தது என்னைச் சோதிக்கவா?" "ஆமா." "எப்பத் தெரியும் உனக்கு?" "இப்பத்தான். நீங்க எப்ப சொல்லலாம்னு இருந்தீங்க?" பெறகு என் மூஞ்சியைப் பாக்காம, மூடியைப் பாத்து, "புதன்கிழமை ஒண்ணைத் தாண்டிட்டா போதும் பெனி, இன்னும் ரெண்டு தடவை போயிட்டா புள்ள படிப்பு முடிஞ்சிரும், யார்கிட்டயும் வாயைத் தெறந்துராத"ன்னாங்க. "அந்தப் பொண்ணு தோளை இந்தத் தடவையும் பாக்கப் போறீங்களாக்கும்?"னு கேட்டுட்டேன். சிரிக்கத்தான் பாத்தாங்க, சிரிப்பு பாதியில உடைஞ்சுட்டு. "ஷெரின் பேசினா வாய் அசையுது, அவ்வளவுதாம்ட்டி தெரியுது. போன தடவை லீவுல பாதி கேட்டுச்சு. இந்தத் தடவை வாய் மட்டும்தான்."

முன்னால எக்கி போனை அமத்திட்டு, கதவைத் தெறந்து எறங்கிப் போய்ட்டாங்க. ம்ம்ம் நின்னதும் காதுக்குள்ள காத்து வந்து மோதுது, உப்பளத்துக் காத்து, புழுதியும் உப்பும். உப்புக் குமியைப் பாத்து எனக்கு முதுகைக் காட்டி நிக்காங்க, சட்டை முதுகுல வேர்வை பெருசா ஒட்டியிருக்கு. நானும் எறங்கினேன், முட்டி ரெண்டும் மரத்துப் போயிருக்கு. சொல்லணும். எதைச் சொல்லணும், டாக்டர்கிட்ட போவோம், காதுல மாட்டுத மெஷின் வாங்குவோம், கரையிலயே ஒர்க் ஷாப் இல்லையா, புள்ள படிப்பை நான் பாத்துக்கிடுதேன், எல்லாம் வரிசையா வருது, எல்லாம் பெறகு சொல்லலாம். முதல்ல சொல்ல வேண்டியது ஒண்ணு பதினாறு வருஷமா தொண்டையில கெடக்கு. கிட்ட போகல. முன்னால போய் வாயைக் காட்டல. கத்தல. சிஸ்டர் வேண்டாம்னு சொன்ன என் கட்டைக்குரல்ல, உள்ளபடி, வீட்டுல பேசுத சத்தத்துல, அந்த முதுகைப் பாத்துச் சொன்னேன், "போகாதீங்க." மாமியார் கல்லறையில புரண்டு படுத்திருப்பாங்க. காத்து அடிச்சுது. இவங்க தோள் லேசா ஏறிச்சு. "கேட்டுச்சா?"ன்னேன். திரும்பாமலே, "உன் சத்தம் கேக்குது பெனி"ன்னாங்க.